திரைச்சீலை இல்லாத வீடு

அந்த வீட்டை வாங்க நான் ஆசைப்பட்டதற்குக் காரணம், அதற்குள் ஒருத்தியை ஒளித்துவைத்து அடிக்க முடியாது என்று நினைத்ததுதான். இதை எழுதும்போது எனக்கே என் மேல் கோபம் வருகிறது. ஆனால் வீடு காட்ட வந்த பெண் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்ற அன்று, என் மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

கனடாவின் மொன்றியல் நகரத்தில், மலைச்சரிவில் வளைந்து இறங்கும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த வீடு. ஐம்பதுகளில் கட்டியது. வாசல் பக்கத் தெருவிலிருந்து பார்த்தால் தாழ்ந்த கூரையும் நீளமான செங்கல் சுவரும் மட்டும்தான் தெரியும். என்ன பெரிய வீடு என்று நினைப்பீர்கள். உள்ளே போய் ஏழு படி இறங்கினால் மூச்சு நின்றுவிடும். தரையிலிருந்து கூரைவரை, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கண்ணாடி. சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கைக்கும் இடையில் சுவர் என்று ஒன்று கிடையாது. நடுவில் கருங்கல்லில் கட்டிய கணப்படுப்பு மட்டும். சுவரோடு சேர்த்துச் செய்த மர அலுமாரிகள், பளிங்குத் துண்டுகள் பதித்து மெழுகிய தரை, குளியலறையில் செம்மஞ்சள் ஓடு. ஒரு கைப்பிடியைக்கூட எவரும் மாற்றவில்லை. ஒரே குடும்பம் அங்கே வாழ்ந்து முடிந்து, பிள்ளைகள் விற்றார்கள். "எல்லாம் அன்றைக்குப் போட்டபடியே இருக்கிறது" என்று அந்தப் பெண் கண்ணாடியைத் தடவிக் காட்டினாள்.

நான் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். தெரு வளைந்து அந்தக் கண்ணாடிக்கு எதிரே வருகிற இடத்தில், கொஞ்சம் உயரத்தில், அதே காலத்து இன்னொரு வீடு. அங்கே ஒரு கிழவர் விளக்கடியில் இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் புரட்டுவது தெரிந்தது. எனக்குத் தெரிகிறது என்றால் அவருக்கும் தெரியும். அப்பாடா என்று இருந்தது.

அதற்கு முன் நாங்கள் அதே நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். அந்த வீட்டில் நான் பயந்தது ஒரு சத்தத்துக்கு. ஜன்னல் கொளுவி விழும் சத்தம். என் புருஷன் கோபக்காரர், ஆனால் புத்தி பேதலித்த விசரர் இல்லை. கை ஓங்குவதற்கு முன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். கொளுவியைப் போடுவார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்புவார். அந்த இடைவெளியில் நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவேன். இரண்டு கண்ணாடி உடைந்தபிறகு வந்த புத்தி அது.

ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் இருக்கும் அவருடைய அண்ணையும் மனைவியும் வந்தால் வேறு ஆள். "நீர் இரும், நான் தேத்தண்ணி போடுறன்" என்று எழும்புவார். "பொஞ்சாதியை உள்ளங்கையிலை வைச்சுத் தாங்கிறான்" என்று அண்ணையின் மனைவி சொல்லுவா. ஓம், உள்ளங்கைதான். அதன் அகலம் எனக்குத்தான் தெரியும்.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்கு வாய் வலிக்காது. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர். என் தம்பிமார் இருவரையும் கூப்பிட்டவரும் அவர். அதை ஒரு நாளும் அவர் மறக்க விட்டதில்லை. நான் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலை செய்தேன். என் கன்னத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடம் பனியில் சறுக்கி விழுந்தேன் என்றேன். இந்த ஊரில் ஐந்து மாதத்துக்கு அந்தப் பொய்யை எவரும் சந்தேகிக்கமாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். பனியில் மறைக்கலாம்.

இருபது வருடம் கூட இருந்து நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. அவருக்குக் கடவுள் பயம் இல்லை, பொலிஸ் பயம் இல்லை. நாலு சனம் என்ன நினைக்கும் என்ற பயம் மட்டும் உண்டு. அதனால், நாலு சனம் எப்போதும் பார்க்கிற ஒரு வீட்டுக்கு அவரைக் கொண்டுபோய்விட்டால் என் உடம்பு தப்பும் என்று நான் கணக்குப் போட்டேன். அவரைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அண்ணைக்கு லொங்குய்யில் பங்களா, தம்பியான இவருக்கு மலைமேல் வீடு. அவ்வளவு போதும் அவருக்கு.

பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர் எல்லோரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முழிசினார்கள்.

"என்னடி பிள்ளை, மீன்தொட்டி மாதிரிக் கிடக்கு" என்றா அண்ணையின் மனைவி. "நீங்கள் சாப்பிடுறதும் ஊருக்குத் தெரியும் போல. எப்ப இதுக்குக் கேட்டின் சீலை போடப்போறியள்?"

"அடுத்த கிழமையே போட்டிடுவம்" என்றார் என் புருஷன்.

"இந்தத் தெருவிலை கேட்டின் போடேலாதாம்" என்றேன். "கண்ணாடியை மறைக்கப்படாதெண்டு நகரசபைச் சட்டம். பழமையைப் பாதுகாக்கிற இடமெல்லே."

பச்சைப் பொய். வெளிப்புறத்தில் எதையும் மாற்றுவதானால் அனுமதி எடுக்கவேண்டும் என்று நகரசபைக் கடிதம் சொன்னது உண்மை. வீட்டுக்கு உள்ளே திரைச்சீலை தொங்கவிடுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கடிதம் பிரெஞ்சில் இருந்தது. நான் வந்த கையோடு பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள். அவர் உணவகங்களுக்குச் சாமான் விநியோகம் செய்பவர். ஆங்கிலமும் தமிழும் அவருக்குப் போதும். வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசிப்பேன். எனக்கு விளங்கவில்லை, இன்னொருவரிடம் கேட்கிறேன் என்று சொல்ல அவருடைய மானம் இடம் கொடுக்காது.

முதல் மாரியில் என் பொய்க்குத் தெருவே சாட்சி சொன்னது. காரில் பனி விழாமல் இருக்க வீட்டு முன்னால் வெள்ளைப் பிளாஸ்ரிக் கூடாரம் ஒன்று அடித்தார். இந்த நகரத்தில் பாதிப்பேர் அடிப்பதுதான். எங்கள் தெருவில் கூடாது போலும். இரண்டு நாளில் மூன்று பேர் மணியடித்தார்கள். ஒரு பெண் நாயோடு வந்தாள். ஒருவர் மிகவும் வருத்தத்தோடு வந்தார். மூன்றாவதாக எதிர்வீட்டுக் கிழவர், தெருவின் பழைய படங்கள் ஒட்டிய ஒரு கொப்பியோடு வந்து, அந்தக் கூடாரம் எங்கள் கூரையின் கோட்டை எப்படி வெட்டுகிறது என்று அரைமணி நேரம் விளக்கினார். என் புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினார்.

"பாத்தியளே? கேட்டின் போட்டால் விடுவினமோ?" என்றேன்.

"கோதாரி விழுவார்" என்றார். நம்பிவிட்டார்.

பதினெட்டு மாதம். பதினெட்டு மாதம் என் மேல் ஒரு விரல் படவில்லை. கோபம் வரும், பழக்கத்தில் எழும்புவார், சாத்துவதற்கு ஜன்னல் இருக்காது. கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பார். எதிரே கிழவர் புத்தகத்தோடு இருப்பார். என் புருஷனின் கை மெல்ல மெல்லக் காற்சட்டைப் பைக்குள் போகும். நான் வெங்காயம் வெட்டியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். படுக்கையறைக்கும் சரிவைப் பார்த்தபடி கண்ணாடிதான். குளியலறைக்கு மட்டும்தான் மறைவு இருந்தது. அவர் வீட்டில் நிற்கும் நேரம் குளிப்பதை விட்டேன். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சும்மா சொல்லவில்லை. காலை வெயில் அந்தப் பளிங்குத் தரையில் நகர்ந்து வருவதைப் பார்ப்பதற்காகவே வெள்ளென எழும்புவேன். சமைக்கும்போது பாட்டு வந்தது. உடம்பும் வைத்தது.

பிறகு ஒரு பங்குனி மாதப் பின்னேரம். தொலைபேசியில் அண்ணையோடு கதைத்துக்கொண்டிருந்தார். தான் கனடாவுக்கு வந்து சேர்ந்த கதையை நூறாவது தடவை சொன்னார். சொன்ன வருடம் ஒன்று பிழை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இல்லையப்பா, அது அதுக்கு முந்தின வருசம்" என்று அடுப்படியிலிருந்து சொன்னேன். அண்ணை சிரித்தது எனக்கே கேட்டது.

தொலைபேசியை வைத்தார். கண்ணாடிப் பக்கம் போகவில்லை. நேரே வந்தார். புறங்கையால் அடித்த அடியில் என் உதடு பல்லில் கிழிந்தது. கணப்படுப்பின் கல் விளிம்பில் இடுப்பு மோதி விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தபோது எதிர்வீட்டுக் கிழவர் எழுந்து நின்றார். புத்தகத்தை மூடியிருந்தார். என்னைப் பார்த்தார். நிச்சயமாக என்னைத்தான் பார்த்தார். இதோ வருகிறார், சப்பாத்தைப் போடப்போகிறார், தெருவைக் கடக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். என் வாய்க்குள் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

கிழவர் கையை நீட்டி விளக்கை அணைத்தார்.

என் புருஷனும் அதைப் பார்த்தார். அவருடைய முகத்தில் முதலில் இருந்த திடுக்கம் மெல்லக் கழன்று, சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புத்தான் அடியைவிடச் சுட்டது.

"உவங்களைக் காட்டியே என்னை வெருட்டினனீ?" என்றார். "உவங்கள் எங்கட சனமே? கோயிலுக்கு வருவினமே? கலியாண வீட்டிலை கதைப்பினமே? பாத்தால் எனக்கென்ன, பாக்காட்டில் எனக்கென்ன?"

பிறகு என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்.

அங்கேதான் நான் பிழைவிட்டேன். நாலு சனம் என்றால் நாலு சோடிக் கண் என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்குக் கண்ணில் பயமில்லை, வாயில்தான் பயம். பார்த்ததைப் போய்ச் சொல்லாதவன் எங்கள் கணக்கில் சனமே இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். அடுத்த நாள் காலை குப்பைத்தொட்டியை வெளியே இழுக்கும்போது கிழவர் எதிரே வந்தார். "பொஞ்சூர், மதாம்" என்றார், வழக்கத்தைவிட அன்பாக. என் வீங்கிய உதட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டி ஆபத்தானது, கவனம் என்றார். அட நாசமாய்ப் போவானே! பனிக்கட்டி ஆபத்தாம்.

அதன்பிறகு கோடை முழுக்க நடந்தது. வெளிச்சத்தில், கண்ணாடிக்கு முன்னால். ஆனாலும் அந்தக் கண்ணாடி அவருக்குக் கரைச்சலாகத்தான் இருந்தது. தெருவில் எங்கள் ஆட்கள் யாராவது காரில் போய்விடுவார்களோ என்ற எண்ணம் அவரைவிட்டுப் போகவில்லை. அடிப்பதற்கு முன் ஒருதரம் தெருவைப் பார்ப்பார். கார் ஒன்று போனால் நிறுத்துவார். எனக்கு மிச்சம் இருந்தது அந்தக் கார்கள் மட்டும்தான்.

இலையுதிர்காலத்தில் எங்கள் தெருச் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடுகளைத் திறந்து காட்டும். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள், அயலவர், பழைய வீட்டுப் பைத்தியங்கள் என்று ஒரு கூட்டம் வரும். அந்த வருடம் எங்கள் வீட்டைக் கேட்டார்கள். என் புருஷனுக்குத் தலைகால் தெரியவில்லை. புது மேற்சட்டை போட்டு, வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். எல்லோரும் சப்பாத்தை மேலே கழற்றிவிட்டு, ஏழு படியும் இறங்கி வந்து, என்னைப்போலவே மூச்சை இழுத்தார்கள். நான் நீளக் கை வைத்த சட்டை போட்டிருந்தேன்.

விளக்கம் சொன்னவர் எதிர்வீட்டுக் கிழவர்தான். வெளியாட்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னார். அந்தக் கண்ணாடி இன்றைக்கு எங்கே தேடினாலும் கிடைக்காது என்றார். எத்தனையோ வீடுகளில் உடைந்துபோயிற்று, இது மட்டும் முழுசாக நிற்கிறது என்று சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. ஒரு மாணவி கேட்டாள்: "அந்தக் காலத்திலும் திரைச்சீலை இல்லாமல்தான் இருந்தார்களா?"

"இல்லை, இல்லை" என்றார் கிழவர். கூரையை அண்ணாந்து காட்டினார். மரப்பலகைக்குள் ஒரு மெல்லிய தண்டவாளம் ஒளிந்திருந்தது. இரண்டு வருடத்தில் நானே அதைக் கவனித்ததில்லை. "திரைச்சீலைக்கென்றே வைத்தது. போட எந்தத் தடையும் இல்லை." பிறகு என் புருஷனிடம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "சொல்லப்போனால், போட்டால் நல்லது. எல்லோருக்கும் நல்லது" என்றார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். அவர் வீட்டுத் திரைச்சீலையில் மிஞ்சியதாம், அந்தக் காலத்து அச்சு, மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவர் பார்த்ததற்கெல்லாம் அவர் கண்டுபிடித்த வைத்தியம் அது. இரண்டு முழத் துணி.

என் புருஷன் சிரித்தபடி வாங்கினார். நன்றி சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு எல்லோரும் போனார்கள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் துணியை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றியபடி நின்றார்.

"எனக்குப் பொய்யே சொன்னனீ?"

நான் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினேன்.

"ரெண்டு வருசம். ரெண்டு வருசம் என்னைப் பெட்டிக்குள்ளை வைச்சு வெள்ளையளுக்குக் காட்டினனீ, என்ன? நான் என்ன உனக்கு மிருகமோ?"

கோப்பைத் தட்டு என் கையிலிருந்து பறந்தது. முதல் அடி காதில். காதுக்குள் விசில் அடித்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியாது. துணி என் கழுத்தைச் சுற்றியது தெரியும். என்னைத் தள்ளிக்கொண்டுபோய்க் கண்ணாடியில் முகத்தை அழுத்தினார். "காட்டு. வடிவாய்க் காட்டு" என்றார். துணி இறுகியது. நான் வாயைத் திறந்தேன், காற்று வரவில்லை. எதிரே கிழவரும் அவர் மனைவியும் தேநீரோடு நின்றார்கள். கிழவர் கோப்பையை வைத்தார். சுவரோரம் நடந்தார். அவர்களுடைய திரைச்சீலை ஒரு பக்கத்திலிருந்து வந்து அவர்களை மூடியது.

சாகப்போகிறேன் என்று எனக்கு விளங்கியது. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. குதிக்காலால் அவருடைய கால் விரல்களை மிதித்தேன். பிடி தளர்ந்தது. கணப்படுப்பின் பக்கத்தில், விறகு கிளறும் இரும்புக் கம்பி என் கையில் வந்தது. அவருடைய மண்டைக்குத்தான் முதலில் ஓங்கினேன். பொலிசுக்கு இதைச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். ஓங்கிய கையோடு ஒரு யோசனை வந்தது. இவரை அடித்தால் இந்தத் தெருவில் ஒரு விளக்கு எரியாது. பிளாஸ்ரிக் கூடாரத்துக்கு மூன்று பேர் ஓடிவந்த தெரு இது. இவர்கள் எதற்கு ஓடிவருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

திரும்பிக் கண்ணாடிக்குப் போட்டேன். முதல் அடி எகிறித் திரும்பியது. இரண்டாவதில் கீறல் ஓடியது. மூன்றாவது அடிக்கு நான் பிறந்த நாளிலிருந்து சேர்ந்த பலம் எல்லாம் வந்தது. கண்ணாடி மேலிருந்து அரிவாள் அரிவாளாக இறங்கியது. ஒரு துண்டு என் முழங்கையைக் கிழித்தது. சத்தம் சரிவு முழுக்க உருண்டு போனது. அதன்பின் குளிர்காற்று நேரே உள்ளே வந்து மேசை விரிப்பைத் தூக்கியது.

வந்தார்கள்! நாலு வீட்டிலிருந்து வந்தார்கள். கிழவர் வீட்டுச் செருப்போடு, தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஓடிவந்தார். "கடவுளே, அந்தக் கண்ணாடி! அந்தக் கண்ணாடி!" என்று பிரெஞ்சில் கத்தினார். பொலிஸைக் கூப்பிட்டதும் அவர்தான். என் கையிலிருந்து இரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் உடைந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளம் பொலிஸ்காரி ஒருத்தியும் இன்னொருவரும் படியிறங்கி வந்தார்கள். யார் உடைத்தது என்று கேட்டாள்.

"என் மனைவி" என்றார் என் புருஷன் ஆங்கிலத்தில், மெதுவாக, தலையைச் சாய்த்து. "அவளுக்குக் கொஞ்சம் சுகமில்லை."

"நான்தான் உடைத்தேன்" என்று பிரெஞ்சில் சொன்னேன். தொண்டை கட்டியிருந்தது. கழுத்தில் இன்னும் தொங்கிய துணியைப் பிடித்துக் காட்டினேன். "இதால் என்னைக் கொல்லப் பார்த்தார். அந்த மனிதர் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தார். கேளுங்கள்."

அவள் கிழவர் பக்கம் திரும்பினாள். அவர் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தபடி, அது அவர்களுடைய அந்தரங்கம் என்று நினைத்தோம் என்றார். அவருக்குப் பின்னால் நின்ற மனைவி, இரண்டு வருடத்தில் என்னோடு ஒரு சொல் பேசாதவர், "பார்த்தோம்" என்றார். "இன்றைக்கு மட்டும் இல்லை. பங்குனியிலிருந்து பார்க்கிறோம்." சொல்லிவிட்டுத் தன்னுடைய கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். நான் அதைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். அந்த ஒரு சொல்தான் என்னைக் காப்பாற்றியது என்று தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அந்த அம்மா மேல் வந்த கோபம் என் புருஷன் மேல்கூட வரவில்லை. பங்குனியிலிருந்தாம்!

பொலிஸ்காரி என் புருஷனைத் தங்களோடு வரச் சொன்னாள். அவர் வெறுங்காலோடு நின்றார். சப்பாத்து மேலே வாசலில். அவருக்கும் படிக்கும் இடையில் தரை முழுக்கக் கண்ணாடி. நான் சமையலறைச் செருப்போடு படிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்ர சப்பாத்தை எடுத்துக்கொண்டு வா" என்றார் தமிழில். அதே குரல். எனக்குக் கால் தானாக அசைந்தது.

"நீயே போய் எடு" என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். உடைந்த கண்ணாடிச் சுவரின் அந்தப் பக்கம் அயலவர் வரிசையாக நின்றார்கள். இந்தமுறை ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. இன்னொருமுறை கேட்டால் கெஞ்சுவதாகிவிடும். அவர் மேற்சட்டையை இழுத்துச் சரிசெய்தார். அவர்களைப் பார்த்து, விருந்தாளிகளுக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். பொலிஸ்காரி கையை நீட்டித் தடுப்பதற்குள் கண்ணாடிமேல் முதல் காலை வைத்தார். பிறகு அடுத்த காலை வைத்தார். நான் அந்த இடத்திலேயே நின்று பார்த்தேன்.